சின்ன நாற்காலியில் உட்காரப் படிப்பது: பள்ளி உளவியல் குறித்து வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, பள்ளி உளவியலாளர் என்றொரு வேலை இருக்கிறது, அதற்கென்று தனி மேற்படிப்பும் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது அமெரிக்காவில். பதினேழு ஆண்டுகளாக வேலை பார்ப்பதும் அங்குள்ள அரசுப் பள்ளிகளில்தான். ஆகவே ஆண்டுக் கணக்கு, மணிக் கணக்கு, சட்டம் எல்லாம் அந்த நாட்டுக்கு உரியவை. கடந்த ஒன்பது ஆண்டுகளாக இன்டர்ன்ஷிப் வரும் மாணவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் இருக்கிறேன். கீழே உள்ள பதில்களில் பாதி, அவர்களோடு உட்கார்ந்து பேசியதில் கிடைத்தவை.

கேள்வி: இளநிலை உளவியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். பள்ளி கவுன்சலர், பள்ளி உளவியலாளர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மூவரும் எனக்கு ஒன்றுபோலத் தெரிகிறார்கள். என்ன வித்தியாசம்?

மூவரும் ஒரே பிள்ளையைப் பார்க்கலாம். ஆனால் மூவரிடமும் வந்து சேரும் கேள்வி வேறு. கவுன்சலரிடம் பள்ளியில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு நாள் வருவார்கள். எந்தப் பாடம் எடுப்பது, மேலே என்ன படிப்பது, தோழியோடு சண்டை, வீட்டில் ஒரு சாவு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெரும்பாலும் மருத்துவமனையிலோ தனி கிளினிக்கிலோ இருந்து, மனநலக் கோளாறைக் கண்டறிந்து சிகிச்சை தருகிறார். எங்களிடம் வரும் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: இந்தப் பிள்ளைக்கு ஏன் படிப்பு ஏறவில்லை, நாம் எதை மாற்றினால் ஏறும்?

இந்தக் கேள்வியோடுதான் 1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற பேராசிரியரிடம், மார்கரெட் மெக்வைர் என்ற ஆசிரியை பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்லி அழைத்து வந்தார். பையனுக்கு எழுத்துக்கூட்டி எழுத வரவே இல்லை. விட்மர் சோதித்துப் பார்த்தபோது அவனுக்குக் கண்பார்வையிலும் குறை இருந்தது தெரிந்தது. கண்ணாடி போட வைத்தார்கள், தனியாகப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். உலகின் முதல் உளவியல் கிளினிக் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இப்படித் தொடங்கியதுதான். பள்ளி உளவியலாளர் என்ற பதவிப் பெயர் 1915-ல் வந்தது. கனெக்டிகட் மாநிலம் ஆர்னல்ட் கெசல் என்பவரை அந்தப் பெயரில் வேலைக்கு எடுத்தது.

அந்தப் பையனின் கதையை என் இன்டர்ன்கள் ஒவ்வொருவருக்கும் முதல் வாரமே சொல்லிவிடுவேன். ஒரு பிள்ளையின் கோப்பைத் திறந்தால், மதிப்பெண்ணுக்கு முன்னால் கண், காது பரிசோதனை எப்போது நடந்தது என்று பாருங்கள் என்பேன். நூற்றிருபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த வரிசை மாறவில்லை.

கேள்வி: மொத்தம் எத்தனை ஆண்டு? பிஎச்.டி. கட்டாயமா?

பள்ளியில் வேலை பார்க்க பிஎச்.டி. வேண்டாம். வழக்கமான பட்டத்தை ஸ்பெஷலிஸ்ட் நிலை என்பார்கள். முதுநிலைக்கு மேலே, முனைவருக்குக் கீழே உள்ள படி அது. பெயர் இடத்துக்கு இடம் மாறும், எட்.எஸ். என்பது அதிகம் காதில் விழும் பெயர். இளநிலைக்குப் பிறகு முழுநேரமாக மூன்று ஆண்டு, குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட். அதற்குள்ளேயே 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப். அதில் 600 மணியாவது பள்ளிக்கூடத்தில் நடக்க வேண்டும். 1969-ல் தொடங்கிய தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் வகுத்திருக்கும் அளவு இது. பிறகு ப்ராக்ஸிஸ் என்ற தகுதித் தேர்வு, மாநில உரிமம். சங்கத்தின் தேசியச் சான்றிதழும் வாங்கினால், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 75 மணி நேரத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும், பள்ளிக்கு வெளியே தனியாகவும் பணி செய்ய வேண்டும் என்று ஆசை இருந்தால் முனைவர் பட்டத்துக்குப் போங்கள். இங்கிலாந்தில் கணக்கே வேறு. அங்கே எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் என்று பெயர், மூன்று ஆண்டு முனைவர் படிப்பே வாசல். எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கல்லூரி தேடுவதெல்லாம் அப்புறம்.

கேள்வி: எனக்கு முப்பத்தாறு வயது. பத்து ஆண்டாக ஆசிரியையாக இருக்கிறேன். உளவியலில் பட்டம் இல்லை. இனிமேல் இதற்குள் வர முடியுமா?

நான் சேர்ந்தபோது எனக்கு முப்பத்துநான்கு. அதற்கு முன் எட்டு ஆண்டு கணக்கு டீச்சர். உளவியலில் ஒரு தாள்கூடப் படித்ததில்லை. புள்ளியியல், குழந்தை வளர்ச்சி, அடிப்படை உளவியல் என்று சில பாடங்களை முன்கூட்டியே எடுத்து வரச் சொன்னார்கள், எடுத்தேன். பல பட்டப்படிப்புகளில் இப்படித்தான் கேட்பார்கள்.

என் வகுப்பில் இருபத்திரண்டு வயதுப் பெண்கள் என்னைவிட வேகமாகப் படித்தார்கள், அது உண்மை. ஆனால் இரண்டாம் ஆண்டில் பள்ளிக்குள் அனுப்பியபோது, முப்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒரு ஆசிரியரால் என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பது எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. "இந்தப் பையனுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தனிக் கவனம் கொடுங்கள்" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அந்த அறையில் நின்றவருக்குத்தான் அது நடக்காத காரியம் என்று தெரியும். உங்கள் பத்து ஆண்டும் எங்கும் போகவில்லை. தாராளமாக வாருங்கள்.

கேள்வி: இந்தப் படிப்பு என்றாலே ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கக் கற்றுக்கொள்வதுதான் என்று என் பேராசிரியர் சொல்கிறார். பிள்ளைகளுக்கு எண் ஒட்டுகிற வேலையா இது? அப்படியென்றால் எனக்கு வேண்டாம்.

உங்கள் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சோதனை எடுக்கக் கற்றுத்தருவார்கள், அதில் சந்தேகமில்லை. முதல் ஆண்டில் நாங்கள் அதிகம் பயந்த பாடமே அதுதான். வெக்ஸ்லர் என்ற ஐ.க்யூ. சோதனையை எல்லோரும் 'விஸ்க்' என்பார்கள். ஆறு வயதிலிருந்து பதினாறு வரையுள்ள பிள்ளைகளுக்கானது. சராசரி 100 என்று வைத்திருப்பார்கள். கையேட்டில் உள்ள வாக்கியத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் சொல்ல வேண்டும். ஸ்டாப்வாட்ச் ஒரு கையில், பென்சில் மறு கையில், கண் பிள்ளையின் முகத்தில். தொடர்ந்து இத்தனை தவறு வந்தால் நிறுத்து என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விதி. உள்ளே என்ன கேட்கிறார்கள் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். அது வெளியே தெரிந்தால் சோதனையே பயனற்றுப் போகும்.

முதன்முதலில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அதை எடுத்தேன். வீடியோவில் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும். எனக்கு நன்றாக நடந்தது போலத்தான் இருந்தது. என் பேராசிரியை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அதை ஓடவிட்டார். பதினோராவது நிமிடத்தில் நிறுத்தி, "உன் முகத்தைப் பார்" என்றார். அவள் சரியாகச் சொன்னபோதெல்லாம் நான் சிரித்திருந்தேன். தவறாகச் சொன்னபோது குனிந்து எழுதியிருந்தேன். சிறுமி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு ஒவ்வொரு பதிலையும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேள்விபோலச் சொன்னாள். எட்டு ஆண்டு டீச்சராக இருந்த பழக்கம் அது. அதைக் கைவிட எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. இதற்காகத்தான் வீடியோ. தனியாக ஆயிரம் முறை எடுத்தாலும் அந்தச் சிரிப்பை நானாகக் கண்டிருக்க மாட்டேன்.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். 1905-ல் பாரிஸில் ஆல்ஃப்ரட் பினேவும் தியோடர் சிமோனும் முதல் அறிவுத்திறன் அளவுகோலைத் தந்தது, பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு எங்கே உதவி தேவை என்று கண்டறிய. பிள்ளையின் அறிவு மாறாத அளவு என்று நினைப்பதை பினே எதிர்த்தார். அப்புறம் வந்தவர்கள் அந்த எச்சரிக்கையை மறந்துவிட்டார்கள், அதற்குப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சோதனை வைத்து, அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் போட்டார்கள். வழக்கு நடந்தது. ஸ்பானிஷிலும் சோதித்துப் பார்த்தபோது வழக்குப் போட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்லர் என்று தெரிந்தது. 1970-ல் தீர்ந்த அந்த வழக்கை டயானா வழக்கு என்போம். 1979-ல் லாரி பி. வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளை அத்தகைய வகுப்புகளில் போட ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தியது பாரபட்சம் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். இரண்டையும் எங்களுக்கு முதல் ஆண்டிலேயே வரிவரியாகப் படிக்க வைத்தார்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்த எனக்கு, டயானா வழக்கைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இன்று சட்டத்திலேயே இருக்கிறது: ஒரே ஒரு சோதனையை வைத்து எந்தப் பிள்ளையையும் முடிவுகட்டக் கூடாது, பிள்ளைக்குத் தெரிந்த மொழியில், அதன் திறமை சரியாகத் தெரியும் விதத்தில் சோதிக்க வேண்டும். ஆகவே படிப்பின் பெரும்பகுதி வேறு வழிகளில் பார்க்கக் கற்பதுதான். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோ உருவாக்கிய முறை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளையை வகுப்புப் பாடத்தின் ஒரு பத்தியை ஒரே நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். சரியாக வாசித்த சொற்களை எண்ணி, கட்டம்போட்ட தாளில் ஒரு புள்ளி வைப்பார்கள். அடுத்த வாரம் இன்னொரு புள்ளி. நான்கு புள்ளி தொடர்ந்து, எட்ட வேண்டிய அளவைக் காட்டும் இலக்குக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும். கவனியுங்கள், மாற வேண்டியது முறை. அந்தத் தாளைப் பிள்ளையிடமே காட்டலாம். தன் கோடு ஏறுவதைப் பார்த்து ஒரு பையன் என்னிடமிருந்து பென்சிலை வாங்கித் தானே அடுத்த புள்ளியை வைத்தான்.

எண் ஒட்டுகிற வேலையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள், மறைக்க மாட்டேன். உங்களைப் போல அது வேண்டாம் என்று நினைப்பவர்கள் உள்ளே வர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: கணக்கென்றால் பயம். புள்ளியியல் நிறைய வருமா?

இரண்டு மூன்று பாடம் வரும். திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன), அளவுப் பிழை (ஒரு மதிப்பெண் எவ்வளவு முன்பின் ஆகலாம்), ஒரு சோதனை எவ்வளவு நம்பத்தக்கது என்பவைதான் முக்கியம். "உங்கள் மகளின் மதிப்பெண் 84" என்று ஒரு தாயிடம் சொல்வதற்கும், "79-க்கும் 90-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது" என்று சொல்வதற்கும் உள்ள தூரம் அந்தப் பாடங்களில்தான் புரியும். அதற்காகவாவது பயத்தை விட்டுப் படியுங்கள்.

கேள்வி: அறிக்கை எழுதுவதே இந்த வேலையில் பாதி என்கிறார்களே?

பாதி நேரம் அதற்குப் போவது உண்மை. நான் எழுதிய முதல் அறிக்கை பதினெட்டுப் பக்கம். நான்கு அட்டவணை. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு பத்தி. பேராசிரியை பாராட்டுவார் என்று காத்திருந்தேன். கூட்டத்தில் அந்தப் பையனின் அம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய், கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பினார். "இதில் என் பையன் எங்கே இருக்கிறான் மேடம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தேடியிருக்கிறார்.

அன்றைக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். அறிக்கையின் தொடக்கத்தில் பிள்ளையை யார் என்ன காரணத்துக்காக அனுப்பினார்கள், அவர்கள் கேட்ட கேள்விகள் என்ன என்று எழுதுவேன். "சுந்தரமான கையெழுத்து இருந்தும் ஏன் நான்கு வரிக்கு மேல் எழுத மறுக்கிறான்?" இப்படி, ஆசிரியர் கேட்ட அதே சொற்களில். அதற்குக் கீழேயே பதில். எண்கள் எல்லாம் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது என்பதைச் சம்பிரதாயமாக ஒரு வரியில் முடிக்கக் கூடாது. ஒரு பையன் பேருந்து எண்கள் அத்தனையும் ஒப்பிப்பான். அதை எழுதினேன். வாசிக்கப் பழக்க அந்தப் பேருந்துப் பெயர்ப் பலகைகளையே அவன் ஆசிரியை எடுத்துக்கொண்டார்.

என் இன்டர்ன்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எழுதி முடித்ததும் என் எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும், நான் தாயாக இருந்து கேட்பேன். "செயலாக்க வேகத்தில் பற்றாக்குறை காணப்படுகிறது" என்று வந்தால் கையைத் தூக்குவேன். "பதில் தெரியும், ஆனால் எடுத்துச் சொல்ல அவளுக்கு நேரம் ஆகிறது" என்று மாற்றிவிட்டு மேலே போவார்கள்.

கேள்வி: ப்ராக்டிகம், இன்டர்ன்ஷிப் இரண்டும் ஒன்றா? உண்மையில் அங்கே என்ன நடக்கும்?

ப்ராக்டிகம் என்பது படித்துக்கொண்டிருக்கும்போதே வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளிக்குப் போய்க் கற்பது. இன்டர்ன்ஷிப் கடைசி ஆண்டு. பெரும்பாலும் ஒரு முழுக் கல்வியாண்டு, தினமும் அங்கேயே. பள்ளி தொடங்குவதற்கு முன் ஆசிரியர்கள் கூடும் நாளிலிருந்து போய்விடுங்கள். ஆகஸ்டில் பார்த்த வகுப்பு மே மாதம் எப்படி ஆகிறது என்று ஒரு சுற்று முழுதாகப் பார்த்தவருக்குத்தான் பள்ளிக்கூடம் புரியும்.

வகுப்பில் கவனிப்பது ஒரு தனிக் கலை. கடைசி வரிசையில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான அந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். பதினைந்து நொடிக்கு ஒருமுறை காதில் மாட்டிய கருவியிலிருந்து ஒரு சத்தம் கேட்கும். அந்தப் பிள்ளை அப்போது பாடத்தில் இருக்கிறதா, இல்லையா என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு ஐந்தாவது சத்தத்துக்கும் அந்தப் பிள்ளையை விட்டு வேறொரு பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. "ஒரு நிமிடம் ஒழுங்காக உட்கார மாட்டான்" என்று சொல்லி அனுப்பிய ஏழு வயதுப் பையனை இருபது நிமிடம் குறித்தேன். ஏறக்குறைய பாதி நேரம் அவன் கவனம் பாடத்தில் இல்லை. மற்ற பிள்ளைகளின் கட்டத்தைக் கூட்டினேன். அவர்களுக்கும் ஏறக்குறைய அதேதான். அந்த நேரத்துப் பாடம் யாருக்கும் எட்டவில்லை. அந்த ஐந்தாவது சத்தம் இல்லையென்றால் நான் அந்தப் பையனைப் பற்றி மட்டும் எட்டுப் பக்கம் எழுதியிருப்பேன். ஆசிரியையிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் அடுத்த பாடம். அவரைக் குற்றம் சொல்லாமல், "அந்த நேரத்துக்கு மட்டும் இருவராகச் சேர்ந்து ஏதாவது செய்து பார்ப்போமா?" என்று தொடங்கக் கற்றுத்தந்தார் என் மேற்பார்வையாளர். கலந்தாலோசனை என்று பாடத்திட்டத்தில் இருப்பது இதுதான். சோதனைப் பெட்டியைவிடக் கடினமான பாடம் அது.

இன்னொன்று கெடு. பெற்றோர் மதிப்பீட்டுக்குச் சம்மதம் தந்து கையெழுத்திட்டால், 60 நாளுக்குள் அல்லது அந்த மாநிலம் வைத்திருக்கும் கெடுவுக்குள் முடித்தாக வேண்டும். 1975-ல் வந்த சட்டம், ஊனமுற்ற எந்தப் பிள்ளைக்கும் பள்ளியின் கதவு மூடியிருக்கக் கூடாது என்றது. எங்கள் தொழில் இந்த அளவு பரவியதே அந்தச் சட்டத்தால்தான். ஆனால் ஆள் போதவில்லை. 500 மாணவருக்கு ஒரு உளவியலாளர் வேண்டும் என்று சங்கம் சொல்கிறது. நான் இன்டர்ன்ஷிப் செய்த இடத்தில் என் மேற்பார்வையாளர் இரண்டு பள்ளிகளில் ஆயிரத்து நானூறு பிள்ளைகளைப் பார்த்தார். இன்டர்ன் என்றால் அங்கே விருந்தாளி இல்லை, இன்னொரு ஜோடிக் கை. அதனால்தான் உங்களைக் கவனிக்க அவருக்கு நேரம் இருக்குமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள் என்கிறேன்.

கேள்வி: நான் சீக்கிரம் அழுதுவிடுவேன். பிள்ளைகளின் கஷ்டங்களைக் கேட்டால் என்னால் தாங்க முடியுமா?

இன்டர்ன்ஷிப்பின் மார்ச் மாதத்தில் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி விபத்தில் இறந்துபோனாள். மறுநாள் காலை முதல் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே வாக்கியங்களை எழுதிக் கொடுத்தார். நடந்ததை நேராக, எளிய சொற்களில், "இறந்துவிட்டாள்" என்றே சொல்ல வேண்டும். "தூங்கிவிட்டாள்" என்று சொல்லக் கூடாது, சின்னப் பிள்ளைகள் தூங்கவே பயப்படுவார்கள். அவளுடைய மேசையை உடனே அகற்றக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். அன்று நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தபோது என் கண்ணிலும் நீர் வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை எனக்குக் காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வைத்தது. அதில் தவறில்லை என்று மேற்பார்வையாளர் பிறகு சொன்னார். ஆனால் அடுத்த பிள்ளை பேசத் தொடங்கும்போது உன் காது அதற்குத் தயாராக இருந்ததா, அதை மட்டும் யோசி என்றார்.

தயாராக இருந்தது. உங்களுக்கும் அதுதான் அளவுகோல். தற்கொலை எண்ணம் சொல்லும் பிள்ளையிடம் என்ன கேட்பது, யாருக்கு உடனே தெரிவிப்பது, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கை ஏன் ஒருபோதும் தரக் கூடாது என்பதையெல்லாம் முறையாகப் பழக்குவார்கள். கேட்டதை மனதில் வைத்துப் புழுங்காமல் ஒருவரிடம் சொல்லித் தீர்க்க ஒவ்வொரு வாரமும் நேரம் ஒதுக்கியிருக்கும். அந்த நேரத்தைக் கோப்பு வேலைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். நான் ஒரு மாதம் விட்டுக்கொடுத்தேன், அந்த மாதம் வீட்டில் யாரோடும் பேசவே இல்லை.

கேள்வி: இரண்டு இடங்களில் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? என்ன கேட்பார்கள்?

"ஏன் இந்தத் துறை?" என்பார்கள். பிள்ளைகளை மிகவும் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றி, பெயர் சொல்லாமல், என்ன கவனித்தீர்கள் என்று சொல்லுங்கள். போதும்.

அதைவிட முக்கியம் நீங்கள் அவர்களிடம் கேட்பது. படிப்புக்குத் தேசியச் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா, சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள், இன்டர்ன்ஷிப்புக்கு ஊதியம் உண்டா என்று கேளுங்கள். சில பள்ளி மாவட்டங்கள் தரும், சில தராது. அப்புறம் இதைக் கேளுங்கள்: "நான் ஒரு பிள்ளையோடு உட்காரும்போது என்னை யார் பார்ப்பார்கள்? எத்தனை முறை?" ஒரு இடத்தில் பேராசிரியர் யோசிக்காமல், இந்தப் பருவத்தில் இத்தனை வீடியோ, இத்தனை நேரடிப் பார்வை என்று சொல்வார். இன்னொரு இடத்தில் "எங்கள் மாணவர்கள் சுதந்திரமாக இயங்குவார்கள்" என்பார்கள். கட்டிடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாவது இடத்துக்குப் போகாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வாசிக்கச் சிரமப்படுகிறான். பள்ளியில் மதிப்பீடு செய்யப்போவது பயிற்சியில் இருக்கும் இன்டர்ன் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? என் பிள்ளையை வைத்துப் படித்துக்கொள்கிறார்களோ என்று மனசு ஒப்பவில்லை.

ஒரு தாய்க்கு வரவேண்டிய பயம்தான் இது. முதலில் பள்ளியில் நேரம் கேட்டு, அந்த இன்டர்னையும் அவருடைய மேற்பார்வையாளரையும் சேர்ந்தே சந்தியுங்கள். மதிப்பீட்டில் எந்தெந்தப் பகுதியை யார் செய்வார்கள், மேற்பார்வையாளர் என் மகனை நேரில் பார்ப்பாரா, மதிப்பெண்களை இரண்டாவது முறை யார் சரிபார்ப்பார்கள், அறிக்கையில் யார் கையெழுத்து இருக்கும் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் சம்மதியுங்கள். மழுப்பினால் மேற்பார்வையாளரே செய்யட்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

தெளிவான பதில் வந்தால் உங்கள் மகனுக்கு அதில் ஒரு லாபமும் உண்டு. எனக்கு ஒரு பிள்ளைக்கு ஒதுக்கக் கிடைப்பது சில மணி நேரம். என் இன்டர்னுக்கு அதைவிட இரண்டு மடங்கு கிடைக்கிறது. அவள் பிள்ளையின் வகுப்புக்கு மூன்று முறை போவாள், விளையாட்டு நேரத்திலும் போய் நிற்பாள், பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் படிப்பாள். போன ஆண்டு ஒரு பெண் குழந்தை பெரியம்மா வீட்டில் எழுதிய கடிதம் ஒன்றை அப்படி ஒரு நோட்டிலிருந்து எடுத்து வந்தாள். பள்ளியில் இரண்டு வரி எழுதாத குழந்தை, கடிதத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தது. எழுத்துப்பிழை நிறைய, ஆனால் சொல்ல வந்தது அத்தனையும் இருந்தது. என் மதிப்பீட்டில் அது சிக்கியிருக்காது.

நீங்கள் போகும்போது மகன் வீட்டில் விரும்பிக் கிறுக்கியது, வரைந்தது, எழுதியது ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள். கண் பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்ற தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.